கவுண்டி மானியப் பட்டியலைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் எந்தக் கிராமப்புறக் கவுண்டிக்கு (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) எவ்வளவு பயிர் மானியம் போனது என்ற விவரம் இப்போது யாருக்கும் கிடைக்கும். கிடைத்த வேகத்தில் முடிவுக்குத் தாவுவதுதான் சிக்கல். கூட்டல் பிழை, பெயர்ப் பிழை எல்லாம் தானே கண்ணில் படும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

கோதுமைக்குப் பணம் வந்தால் கோதுமை விளைந்தது என்று எண்ணுவது

இதைக் கண்டால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். அண்மையில் ஓர் இளம் செய்தியாளர் ஒரு வரைவைக் கொண்டுவந்தார். ஒரு கவுண்டியில் கோதுமை மானியம் குவிகிறது, ஆகவே அரசுப் பணத்தை நம்பித்தான் உழவர்கள் கோதுமையை விடாமல் விதைக்கிறார்கள் என்பது வாதம். வரைபடம் கண்ணைப் பறித்தது. அந்த மண்ணிலோ கோதுமை சுருங்கி, சோயாவும் மக்காச்சோளமும் பரவிவிட்டன. "பட்டியலில் கோதுமை என்றுதானே சார் போட்டிருக்கிறது?" என்றார்.

போட்டிருப்பது உண்மைதான். ஆனால் 2014 வேளாண் சட்டம் கொண்டுவந்த ஏஆர்சி (வருவாய் குறைந்தால் ஈடுகட்டுவது), பிஎல்சி (விலை விழுந்தால் ஈடுகட்டுவது) திட்டங்கள் 'அடிப்படை ஏக்கர்' கணக்கில் பணம் தருகின்றன. பண்ணையின் பழைய விதைப்பை வைத்து அரசு பதிந்து வைத்திருக்கும் பரப்பு அது. பிஎல்சியிலும் கவுண்டி அளவிலான ஏஆர்சியிலும் அதன் 85 சதவீதத்துக்குப் பணம் கணக்கிடப்படும். கோதுமை என்று பதிவான நிலத்தில் இவ்வாண்டு சோயா நின்றாலும், கோதுமை விலை விழுந்தால் பணம் கோதுமைக் கணக்கில் வரும். சோயா விதைத்தவர் கோதுமைப் பணம் வாங்குவது முறைகேடும் அல்ல, சட்டமே அப்படித்தான். 2009 முதல் 2012 வரை விதைத்ததற்கேற்பப் பயிர்ப் பங்கீட்டை மாற்றிக்கொள்ள அந்தச் சட்டம் ஒரு வாய்ப்புத் தந்தது. மாற்றாதவர்களின் பதிவில் பழைய பயிரே இருக்கிறது.

போதாக்குறைக்கு ஒரு விதிவிலக்கும் உண்டு. பருத்திக்கெனப் பதிவாகியிருந்த நிலம் 2014 முதல் 2017 வரை 'பொது அடிப்படை' ஆக்கப்பட்டது. அங்கே மட்டும் அந்த ஆண்டு என்ன விதைத்தார்கள் என்பது பணத்தைத் தீர்மானித்தது. எனவே தெற்கத்திய பருத்திக் கவுண்டி ஒன்றைப் பார்த்துக் கற்றதை வடக்கே கொண்டுபோய் வைக்காதீர்கள்.

உழவர்கள் ஆண்டுதோறும் கவுண்டி அலுவலகத்தில் விதைப்புப் பரப்பைப் பதிவு செய்கிறார்கள். அந்தத் தொகுப்பும் கவுண்டிவாரியாக வெளியாகிறது. அதைப் பக்கத்தில் வைக்காமல் பயிரைப் பற்றி ஒரு வரிகூட எழுதக் கூடாது. அந்த இளைஞரின் கட்டுரை அச்சேறியிருந்தால், மறுப்பு முதலில் அந்தக் கவுண்டி உழவர்களிடமிருந்தே வந்திருக்கும்.

ஆண்டைக் குழப்புவது

2019 பயிருக்கான ஏஆர்சி, பிஎல்சி பணம் 2020 அக்டோபரில்தான் வரத் தொடங்கியது. அமெரிக்க அரசின் நிதியாண்டு அக்டோபர் 1இல் பிறப்பதால் அது 2021 நிதியாண்டுக் கணக்கில் விழும். ஒரே பணத்துக்கு மூன்று ஆண்டுகள்! எந்த ஆண்டைச் சொல்கிறோம் என்று முதலிலேயே எழுதிவிடுங்கள். 2018, 2019 வர்த்தகப் போர் இழப்பீட்டையும் 2020 கொரோனா உதவியையும் தனியே பிரித்து வையுங்கள்.

முகவரியை நிலம் என்று நினைப்பது

சிகாகோ முகவரிக்குப் பணம் போனால் சிகாகோவில் வயல் இருப்பதாகப் பொருளில்லை. விளைச்சலில் பங்கு பேசி நிலத்தை வாரத்துக்கு விட்டவருக்கு மானியத்திலும் பங்குண்டு. ரொக்கக் குத்தகை என்றால் பணம் உழுபவருக்கு. அடுத்த ஆண்டு குத்தகையை ஏற்றி உரிமையாளர் அதில் ஒரு பகுதியைக் கறந்துவிடுவதைப் பட்டியல் காட்டாது.

காப்பீட்டைத் தேடுவது

பயிர்க் காப்பீட்டு பிரீமியத்தில் அரசு ஏற்கும் பங்கு இந்தப் பட்டியலில் இல்லை.

சிஆர்பியைச் சேர்த்துக் கூட்டுவது

சிஆர்பி என்ற நிலப் பாதுகாப்புத் திட்டப் பணம், 10 முதல் 15 ஆண்டுகள் பயிரிடாமல் இருப்பதற்குத் தரும் வாடகை. கழித்துவிடுங்கள்.