சிறார் நீச்சலில் தாங்குதிறன்: வேகத்துக்கு முன் பொறுமை

நெடுந்தூரம் நீந்தும் தாங்குதிறன் ஒரு கோடை முகாமில் வந்துவிடுவதில்லை. ஆண்டுக்கணக்கில் தொடரும் மிதவேகப் பயிற்சியால்தான் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் இரத்தத்தை வெளியேற்றப் பழகுகிறது. தசைகளில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகி, ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாக்களும் அதிகரிக்கின்றன.

அடிப்படை நுட்பம் கைவந்த பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு, 100 மீட்டரை 8 முறை, இடையே 15 முதல் 20 விநாடி ஓய்வுடன் நீந்தும் பயிற்சி பொருத்தமானது. முதல் சுற்றுக்கும் கடைசிச் சுற்றுக்கும் ஏறக்குறைய ஒரே நேரம் ஆக வேண்டும் என்பதே இதன் உயிர்நாடி. குளத்தின் ஒரு நீளத்துக்கான கைவீச்சு எண்ணிக்கை திடீரென்று கூடினால் களைப்பால் நுட்பம் குலைகிறது என்று பொருள். அந்த நிலையில் தூரத்தைக் கூட்டுவது தவறான பழக்கத்தையே ஊன்றச் செய்யும் என்பதால், அன்றைக்கு அத்துடன் நிறுத்திவிடுவதே நல்லது.

ஆறு வயதில் போட்டி நீச்சலைத் தொடங்கிய அமெரிக்காவின் கேட்டி லெடெக்கி, 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 15 வயதில் 800 மீட்டர் தங்கத்தை வென்றார். 2024 பாரிஸிலும் அதே தங்கம் அவருக்கே கிடைத்தது. உங்கள் பிள்ளை 400 மீட்டர் நீந்த எடுக்கும் நேரத்தை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை குறித்து வையுங்கள். தோள்வலி என்று பிள்ளை சொன்னால், அதைச் சாக்கு என்று தயவுசெய்து ஒதுக்காதீர்கள்.