சுக்கான் பிள்ளையின் கையில்: குடும்பப் பாய்மரப் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பதின்வயதுப் பிள்ளையைப் பாய்மரப் படகில் ஏற்றிக்கொண்டு, விடுமுறை முடிவதற்குள் கடல் பழக்கிவிட வேண்டும் என்று புறப்படும் குடும்பங்களுடன் பயிற்சியாளராகச் சென்று வருகிறேன். லைஃப் ஜாக்கெட் அணிவதையும் வானிலை அறிக்கை பார்ப்பதையும் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். அக்கறையும் அனுபவமும் உள்ள பெற்றோரே விடாமல் செய்துவரும் தவறுகள் வேறு சில இருக்கின்றன.

பாயைச் சுருக்கத் தாமதிப்பது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இந்தத் தவறுதான். காற்று பின்னாலிருந்து வீசும்போது படகு வழுக்கிக்கொண்டு ஓடும். காற்று பலமாக இருக்கிறது என்று ஒருவருக்கும் தோன்றாது. 16 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல் வேகம்) காற்றில் படகு அதே திசையில் 6 நாட் வேகத்தில் ஓடினால், தளத்தில் இருப்பவர் உணர்வது 10 நாட் காற்றை மட்டுமே. வீடு திரும்பும் நேரம் வந்து, அதே படகு அதே வேகத்தில் காற்றுக்கு 45 பாகைக் கோணத்தில் எதிரேறத் தொடங்கியதும், உணரும் காற்று 20 நாட்டைத் தாண்டிவிடும். பாயின் மீதான விசை காற்றின் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகிறது. வானிலை அப்படியே இருக்க, படகு திரும்பியதால் மட்டுமே இத்தனை மாற்றமும் நிகழ்கிறது.

ஒரு பயணத்தில், படகு இப்படித் திரும்பியபோது பதினைந்து வயதுப் பெண் சுக்கான் பிடித்திருந்தாள். படகு சாய்ந்து, தாழ்ந்த விளிம்பு நீரை அளையத் தொடங்கியது. மிதமிஞ்சிச் சாய்ந்த படகு தானாகவே காற்றை நோக்கித் திரும்பப் பார்க்கும். அதைத் தடுப்பதற்காக அவள் எதிர் இருக்கையில் குதிகாலை ஊன்றி, சுக்கான் தண்டை இரு கைகளாலும் மார்போடு இழுத்துப் பிடித்திருந்தாள். அவளுடைய தந்தையோ, “நன்றாகப் பிடி, விட்டுவிடாதே” என்று சத்தமிட்டுக்கொண்டே இருந்தார். பிடிப்பதில் அவள் ஒரு குறையும் வைக்கவில்லை. சுக்கான் நீரில் பிடிமானம் இழந்ததும் படகு காற்றுக்குள் சுழன்றது. முன்பாய் படபடவென்று அடித்துக்கொண்டு ஓரத்தில் கிழிந்தது. பாயைத் தைத்துவிட்டோம். ஆனால் தன் கைவலிமை போதவில்லை என்று நம்பிவிட்ட அந்தப் பெண், மறுநாள் சுக்கான் பக்கமே வரவில்லை. கூடுதலாக விரிந்திருந்த பாயைப் பற்றி அவளிடம் யாரும் பேசவில்லை என்பதுதான் என் ஆற்றாமை.

ஆகவே, காற்றுக்கு எதிராகத் திரும்பும் முன்பே முன்பாயில் ஒரு பகுதியைச் சுருட்டிவிட்டு, படகைக் காற்றுக்கு முகமாகக் கொண்டுவந்து பெரிய பாயையும் ஒரு மடிப்புக் குறையுங்கள். பாய் ஏற்றும் கயிற்றைக் குறியிட்ட இடம்வரை தளர்த்துவது, முன்விளிம்பின் வளையத்தைக் கொக்கியில் மாட்டுவது, மீண்டும் பாயை ஏற்றி விறைப்பாக்குவது, மடிப்புக் கயிற்றை இறுக்குவது என்ற வரிசையைத் துறையில் நிற்கும்போதே பிள்ளை தனியாகச் செய்து பழகியிருக்க வேண்டும். அதைவிட முக்கியமாக, “சுருக்கலாம்” என்று பிள்ளை சொன்னால் அதற்குமேல் விவாதம் கூடாது. வேகம் போய்விடும் என்று தயங்குகிறவர்கள் ஒருமுறை செய்து பார்க்கட்டும். அளவுக்கு மீறிச் சாய்ந்திருந்த படகு நிமிர்ந்தபின் பெரும்பாலும் வேகம் குறைவதில்லை.

முடிச்சுகளை மேசையில் மட்டும் கற்பது

ஆடும் தளத்தில், ஈரக் கையால், இருட்டில் போட வராத முடிச்சு தெரியாத முடிச்சே.

துறைமேடையைக் காலால் தள்ளுவது

கூடாது; காலுக்குப் பதில் ஃபெண்டரை (படகின் பக்கவாட்டில் தொங்கவிடும் மோதல் தாங்கி) இடையில் கொடுங்கள்.

நங்கூரக் கயிற்றில் சிக்கனம்

ஆழமானியில் 4 மீட்டர் என்று கண்டதும் நான்கால் பெருக்கி, 16 மீட்டர் சங்கிலியை இறக்கிவிட்டு உறங்கப் போகிறார்கள். படகின் முன்முனை நீர்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரவில் ஓதம் இன்னும் 2 மீட்டர் ஏறும் என்றால் பெருக்க வேண்டிய எண் 7. முழுவதும் சங்கிலியானால் நான்கு மடங்காக 28 மீட்டராவது தேவை. கயிறு பெரும்பகுதியானால் ஏழு மடங்காக 49 மீட்டர். இந்தக் கணக்கைப் பிள்ளையிடம் ஒப்படையுங்கள், விடையை மட்டும் சரிபாருங்கள்.

கடல்நோய் கண்டவரைக் கீழே அனுப்புவது

அறைக்குள் போனால் மோசமாகும். தொடுவானத்தைப் பார்த்தபடி சுக்கான் பிடிக்கச் சொல்லுங்கள்.

விழப்போவது பிள்ளைதான் என்று எண்ணுவது

ஆள் கடலில் விழுந்தால் மீட்கும் பயிற்சியில் எப்போதும் தந்தையே சுக்கானில் இருக்கிறார். உண்மையில், ஓடும் படகின் முன்தளத்துக்குப் பாயைச் சரிசெய்யப் போகிறவரும் பெரும்பாலும் அவரே. அவர் விழுந்தால் படகைத் திருப்பப்போவது யார்? 6 நாட் வேகத்தில் படகு நொடிக்கு ஏறத்தாழ 3 மீட்டர் நகர்கிறது. ஒரு நிமிடத் தடுமாற்றத்தில் 180 மீட்டருக்கு அப்பால் போய்விடும் ஒரு தலையை அலைகளுக்கிடையே தேடுவது மிகக் கடினம். ஃபெண்டர் ஒன்றை நீரில் எறிந்துவிட்டு, பெரியவர்கள் கைகட்டி உட்கார்ந்திருக்க, பிள்ளையே படகை அதனருகே கொண்டுவந்து நிறுத்தப் பழகட்டும். உடன் இருக்கும் ஒருவர் விழுந்தவரை நோக்கி நீட்டிய விரலை எடுக்கவே கூடாது.

வி.எச்.எஃப். வானொலியில் ஆபத்து அழைப்புக்கான 16-ஆம் அலைத்தடத்தில் படகின் பெயர், இருப்பிடம், நேர்ந்த ஆபத்து, தேவைப்படும் உதவி, ஆட்களின் எண்ணிக்கை ஆகியவற்றைச் சொல்லும் அழைப்பையும் அட்டையில் எழுதி வாய்விட்டுப் பழகச் செய்யுங்கள். அப்போது வானொலி அணைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒத்திகையை நிஜமென்று எண்ணி எங்காவது ஒரு மீட்புப் படகு கிளம்பிவிடும்.