கூடலூர் வீட்டில் துலிப் பூக்க வைக்கும் முறை

ஸ்ரீநகரில் உள்ள துலிப் தோட்டத்தில் கிழங்குகள் குளிர்காலம் முழுவதையும் மண்ணுக்குள் கழித்துவிட்டு, மார்ச் கடைசியில் பூக்கத் தொடங்குகின்றன. கேரள எல்லையை ஒட்டிய எங்கள் கூடலூரில் மூடுபனி உண்டு, அந்தக் குளிர் கிடையாது. அதை ஃபிரிட்ஜுக்குள் நாமே உண்டாக்க வேண்டும். வேலையில் முக்கால் பங்கு அதுதான்.

அக்டோபர் தொடக்கத்தில் கிழங்கு வாங்குங்கள். பெரிதாக, அழுத்தினால் அமுங்காமல் இருக்க வேண்டும். ஏற்கெனவே குளிரில் வைத்ததா, எத்தனை வாரம் என்று கேளுங்கள். அத்தனை வாரம் உங்களுக்கு மிச்சம்.

கிழங்குகளைக் காகிதப் பையில் போட்டு, ஃபிரிட்ஜில் 4 முதல் 7 டிகிரி செல்சியஸில் 12 முதல் 14 வாரம் வையுங்கள். ஃப்ரீசர் கூடாது. பையின் மேல் பெரிதாக எழுதிவிடுங்கள். பார்க்க வெங்காயம் போலவே இருக்கும், ஆனால் நஞ்சு.

அதே ஃபிரிட்ஜில் பழம் இருக்கவே கூடாது. முதல் வருடம் ஆப்பிளோடு சேர்த்து வைத்தேன். இலைகள் செழிப்பாக வந்தன, பூ மட்டும் வரவில்லை. ஒரு கிழங்கை நெடுக அறுத்துப் பார்த்தபோது, நடுவில் மொட்டு பழுப்பு நூலாகக் காய்ந்து கிடந்தது. பழுக்கும் பழம் விடுகிற எத்திலீன் வாயு உள்ளிருக்கும் மொட்டைக் கொன்றுவிடும். மூன்று மாதக் காத்திருப்பு வீணானது இன்றும் உறுத்துகிறது.

ஜனவரியில் நடலாம். அடியில் துளையுள்ள எட்டு அங்குலத் தொட்டிக்கு ஐந்து கிழங்கு போதும். செம்மண், மணல், மட்கிய தொழுவுரம் மூன்றையும் சம அளவில் கலந்து, கூர்முனை மேலே இருக்குமாறு நான்கு அங்குல ஆழத்தில் வையுங்கள். கிழங்கின் ஒரு பக்கம் சற்றுத் தட்டையாக இருக்கும். அதைத் தொட்டியின் விளிம்பை நோக்கித் திருப்பினால் முதல் பெரிய இலை வெளிப்புறமாகச் சாயும், நடுவில் பூக்களுக்கு இடம் கிடைக்கும்.

முளை வரும்வரை நிழல், பிறகு காலை வெயில். மேல்மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர். தேங்கினால் கிழங்கு அழுகிவிடும்.

ஐந்தாறு வாரத்தில் பச்சை மொட்டின் நுனியில் சிவப்பு கசியத் தொடங்கும். அந்த நாள்களில் நான் காப்பியைத் தொட்டியருகில்தான் குடிப்பேன். வெயில் ஏறும்போது ஆறு இதழ்களும் விரிந்து, அடியில் கறுப்புத் திட்டு தெரியும். குளிர்ந்ததும் மாலையில் கூம்பிவிடும். பக்கத்து வீட்டுச் சேச்சி இரண்டு வேளையும் வந்து பார்த்துவிட்டுப் போவார். நண்பகலில் தொட்டியைத் திண்ணை நிழலுக்கு மாற்றினால் பூ ஒரு வாரம் நிற்கும்.

நம் ஊர்ச் சூட்டில் அதே கிழங்கு மறுவருடம் பூப்பது அரிது. நான் அதை மட்கவிட்டு, அக்டோபரில் புதிதாக வாங்குகிறேன்.