மலையில் தொழில் நடத்துவோருக்கான நீர்க் கணக்கு: வறண்ட மாதத்திலிருந்து தொடங்கும் செய்முறை

நீலகிரியில் தங்கும் விடுதி, உணவகம், தேயிலைத் தொழிற்சாலை, கேரட் கழுவும் நிலையம் என எதை நடத்தினாலும், தண்ணீர் பற்றிய கவலை ஒரே காலத்தில்தான் வந்து நிற்கும். ஊற்றுகள் மெலிந்துபோகும் ஏப்ரல், மே மாதங்களில்தான் சுற்றுலா சீசனும் உச்சத்துக்குப் போகிறது. அதனால் ஆண்டுச் சராசரி மழையளவை நம்பித் திட்டமிடுவதில் பயனில்லை. அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. அந்த மழை அடுத்த மே மாதத்தில் குன்னூர் விடுதி ஒன்றின் குழாயில் வரப்போவதில்லை. வறண்ட மாதத்தில் கிடைக்கும் நீரை அடிப்படையாக வைத்துத் தொழிலை எப்படி அமைப்பது என்பதை, இதுவரை தண்ணீரை அளந்தே பார்க்காதவர்களுக்காகப் படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

முதல் படி: நீர் எங்கிருந்து வருகிறது என்று எழுதுங்கள்

ஒரு நோட்டில் உங்கள் நீர் ஆதாரங்களை வரிசையாக எழுதுங்கள். உதகை நகரின் நகராட்சிக் குழாய் என்றால் பெரும்பகுதி பார்சன்ஸ்வேலி நீர். குன்னூர் என்றால் ரேலியா அணையின் பெயரைக் கட்டாயம் எழுத வேண்டும். ஊற்றோ கிணறோ இருந்தால், அதே நீரை நம்பியிருக்கும் ஹட்டிகளையும் (படுகர் ஊர்கள்) லைன் வீடுகளையும் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். டேங்கர் லாரியில் வாங்குபவர்கள் அந்த வண்டி எங்கே நிரப்பப்படுகிறது என்று ஓட்டுநரிடம் கேட்டு எழுதுங்கள். வேறொரு ஊரின் ஊற்றை வற்றவைத்து உங்கள் தொட்டி நிரம்புகிறது என்றால், அது நியாயமும் அல்ல, நிலைக்கப்போவதும் அல்ல. அந்த ஊர் மக்கள் ஒருநாள் வண்டியை நிறுத்தினால் உங்கள் அறைகள் அன்றே காலியாகும்.

மழை எந்தப் பருவத்தில் வருகிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழையை நம்பியிருக்கிறது. குன்னூர், கோத்தகிரி சரிவுகளுக்கு வடகிழக்குப் பருவமழைதான் முக்கியம். ஆகவே கிழக்குச் சரிவில் தொழில் நடத்துபவருக்கு அடுத்த கோடையின் நிலை டிசம்பர் இறுதியிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும். நான்கு மாத முன்னறிவிப்பு கையில் இருந்தும் அதைப் பயன்படுத்தாமல் ஏப்ரலில் டேங்கருக்கு அலைவது வீண் துன்பம்.

உலக அளவில் நீர் ஆபத்தைக் காட்டும் இணைய வரைபடங்கள் உண்டு. உலக வள நிறுவனத்தின் அக்வடக்ட் அவற்றில் ஒன்று. பெரிய நிறுவனங்களுக்கு அவை உதவும். ஆனால் அவை ஆற்று வடிநிலம் என்ற அளவில் பார்ப்பவை. உங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஓடை மார்ச் மாதத்தில் எவ்வளவு மெலியும் என்பதை, அங்கேயே வயதான ஒருவரைத்தான் கேட்க வேண்டும்.

இரண்டாம் படி: அளவெடுங்கள்

நீர்மானி இல்லையென்றால் முதலில் ஒன்றை வாங்கிப் பொருத்துங்கள். சமையலறை, அறைகள், தோட்டம் ஆகியவற்றுக்குத் தனித்தனி மானி இருந்தால் இன்னும் நல்லது. ஊற்று நீரை அளக்க 10 லிட்டர் வாளியும் கைக்கடிகாரமும் போதும்: வாளி நிரம்ப 40 விநாடி ஆனால், நிமிடத்துக்கு 15 லிட்டர், நாளுக்கு 21,600 லிட்டர். இதை மாதந்தோறும் ஒரே தேதியில் அளந்து எழுதுங்கள். பிப்ரவரி முதல் மே வரை வாரந்தோறும் அளக்க வேண்டும்.

கசிவைக் கண்டறிய, விருந்தினர் உறங்கிய பின் எல்லாக் குழாய்களையும் மூடி மானியைக் குறித்துக்கொண்டு, விடியற்காலையில் மறுபடி பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் எங்கோ நீர் போகிறது. விநாடிக்கு ஒரு சொட்டு என்ற கசிவுகூட ஒரு நாளில் 15 லிட்டருக்கு மேல் கொண்டுபோய்விடும்.

மூன்றாம் படி: கணக்குப் போடுங்கள்

விடுதிகளுக்கு ஒரு படுக்கைக்கு நாளொன்றுக்கு 180 லிட்டர் என்பது இந்தியத் தர நிர்ணய அமைவனம் வைத்திருக்கும் பொது அளவு. 12 அறை, 24 படுக்கை கொண்ட விடுதிக்கு நாளுக்கு 4,320 லிட்டர் ஆகிறது. கோடையில் நகராட்சி நீர் 8 நாளுக்கு ஒருமுறைதான் வருகிறது என்று வைத்துக்கொண்டால், 34,560 லிட்டர் சேமிக்கும் தொட்டி வேண்டும். அதே விடுதி பயன்பாட்டை 110 லிட்டராகக் குறைத்துவிட்டால் 21,120 லிட்டர் போதும். மலைச்சரிவில் 13,000 லிட்டருக்கும் மேலான கூடுதல் தொட்டியைக் கட்டும் செலவையும் அது நிலத்தின்மீது ஏற்றும் எடையையும் நினைத்துப் பாருங்கள். புதிய நீரைத் தேடுவதற்கு முன் தேவையைக் குறைப்பதே மலிவு என்று நான் உறுதியாகச் சொல்வது இதனால்தான்.

நான்காம் படி: வெந்நீரில் தொடங்கிக் குறையுங்கள்

சமவெளி விடுதிகளுக்கான குறிப்புகள் இந்த மலையின் முக்கியச் செலவைத் தவறவிடுகின்றன. குளிரில் விருந்தினர் வெந்நீர்க் குழாயைத் திறந்து, சூடு வரும்வரை தண்ணீரை ஓடவிடுகிறார். கீசரிலிருந்து குளியலறைவரை 15 மீட்டர் நீளத்துக்கு முக்கால் அங்குலக் குழாய் போனால், அதற்குள் மட்டுமே ஏறத்தாழ 4 முதல் 5 லிட்டர் ஆறிய நீர் நிற்கும். குழாயைச் சூடாக்கவும் இன்னும் கொஞ்சம் செலவாகும். காலையும் மாலையும் ஒவ்வொரு அறையிலும் இது நடக்கிறது. கீசரைக் குளியலறைக்கு அருகில் மாற்றுங்கள், வெந்நீர்க் குழாய்க்கு வெப்பக்காப்பு உறை போடுங்கள், முடியும் இடத்தில் அரை அங்குலக் குழாய்க்கு மாறுங்கள். அதுவரை ஒரு வாளியை வைத்து, முதலில் வரும் நீரைத் துடைப்பதற்குப் பயன்படுத்தச் சொல்லலாம். காரணத்தை இரண்டு வரியில் எழுதி ஒட்டினால் பெரும்பாலான விருந்தினர் மனமுவந்து செய்வார்கள்.

மற்றவை எளியவை. குழாய் முனையில், நீரோடு காற்றைக் கலந்து செலவைக் குறைக்கும் காற்றுக் கலப்பி (ஏரேட்டர்) மாட்டுங்கள், 3 லிட்டர், 6 லிட்டர் என இரண்டு அளவில் நீர் விடும் ஃப்ளஷ் தொட்டிக்கு மாறுங்கள், துண்டு, விரிப்புகளை விருந்தினர் கேட்டால் மட்டும் மாற்றுங்கள்.

ஐந்தாம் படி: கூரை மழையைப் பிடியுங்கள், சரிவில் குழி தோண்டாதீர்கள்

ஒரு சதுர மீட்டர் கூரையில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். 200 சதுர மீட்டர் கூரையில் 10 மி.மீ. கோடை மழை விழுந்தால், ஐந்தில் ஒரு பங்கு இழப்புப் போக 1,600 லிட்டர் கிடைக்கும். முதல் 1 மி.மீ. நீரைத் தோட்டத்துக்குத் திருப்பிவிட்டு, மீதியை வடிகட்டித் தொட்டியில் சேருங்கள். குடிக்கும் நீரை ஆண்டுக்கு இருமுறையாவது ஆய்வகத்தில் சோதியுங்கள். 100 மில்லியில் ஈ. கோலி கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது.

தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் பலரும் சமவெளி முறையில் உறிஞ்சுகுழி தோண்டுகிறார்கள். செங்குத்துச் சரிவிலும் தடுப்புச் சுவரின் தலைமாட்டிலும் அது ஆபத்து. மண்ணுக்குள் நீரைச் செலுத்தினால் சரிவு இளகும். 2009 நவம்பரில் இம்மாவட்ட நிலச்சரிவுகளில் 40க்கும் மேற்பட்டோர் இறந்ததை இங்கே யாரும் மறக்கக் கூடாது. மலையில் மழைநீருக்குத் தொட்டியே இடம். நிலத்தில் இறக்குவதாக இருந்தால், இடத்தை நேரில் பார்த்த பொறியாளரின் ஆலோசனை வேண்டும். ஆழ்துளைக் கிணற்றுக்கும் இங்கே கட்டுப்பாடு உண்டு. மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் அந்த எண்ணத்தையே எடுக்காதீர்கள்.

ஆறாம் படி: வெளியே விடும் நீரைப் பாருங்கள்

குன்னூர் ஆறு பவானியில் சேர்கிறது. மேட்டுப்பாளையமும் அதற்குக் கீழேயுள்ள ஊர்களும் பவானி நீரைக் குடிக்கின்றன. நீங்கள் ஓடையில் விடுவது அவர்களின் குடத்தில் ஏறுகிறது. உணவகத்தில் எண்ணெய் பிடிக்கும் தொட்டியை வைத்து வாரந்தோறும் வழித்தெடுங்கள். கழிவுநீர்த் தொட்டியை நிரம்பி வழியும்முன் காலி செய்யுங்கள்.

கேத்தி பாலாடா போன்ற இடங்களில் கேரட் கழுவுவோர், இரண்டு மூன்று படிவுத் தொட்டிகளைத் தொடராகக் கட்டினால் மண் அடியில் தங்கும். தெளிந்த நீரை முதல் கழுவலுக்கு மறுபடி எடுத்து, கடைசி அலசலுக்கு மட்டும் புது நீரைப் பயன்படுத்தலாம். படிந்த மண் தோட்டத்தின் மேல்மண் என்பதால் தோட்டத்துக்கே திரும்ப வேண்டும். கழிவுநீரை வெளியேற்றும் தொழிலுக்கு 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின்படி மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு தேவை; உங்கள் தொழில் எந்த வகையில் வருகிறது என்று மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள்.

ஏழாம் படி: அக்கம்பக்கத்தாரோடு பேசி, எல்லைக்கோடு வையுங்கள்

உங்கள் நிலத்திலோ அருகிலோ சதுப்பும் சோலைக்காடும் இருந்தால் அவற்றைத் தொடாதீர்கள். ஊற்றுகளுக்கு மழைக்காலம் முடிந்தும் நீர் கொடுப்பவை அவையே. நீலகிரியின் கிளென்மார்கனில் நடந்த ஆய்வில், புல்வெளியில் தைலமரம் நட்ட நீர்பிடிப்பில் முதல் சுற்றிலேயே (நட்டதிலிருந்து முதல் வெட்டுவரை) ஓடையின் நீரோட்டம் சுமார் 16 சதவீதம் குறைந்தது. புதிதாக நடுவதென்றால் தைலமும் சீகையும் (வாட்டில் மரம்) வேண்டாம்.

ஒரே ஊற்றைப் பகிரும் மக்களிடம் உங்கள் அளவீட்டு நோட்டைக் காட்டி, எந்த அளவுக்குக் கீழே ஓட்டம் குறைந்தால் நீங்கள் எடுப்பதை நிறுத்துவீர்கள் என்று ஜனவரியிலேயே பேசி முடிவு செய்யுங்கள். உதாரணமாக, நிமிடத்துக்கு 10 லிட்டருக்குக் கீழே போனால் தோட்டத்துக்கு நீர் நிறுத்தம், 7 லிட்டருக்குக் கீழே போனால் மூன்றில் ஒரு பங்கு அறைகளுக்கு முன்பதிவு நிறுத்தம், 5 லிட்டருக்குக் கீழே போனால் ஊற்று முழுவதும் ஊருக்கே. எண்கள் உங்கள் ஊற்றுக்கு ஏற்ப மாறும். அவற்றை ஒரு தாளில் எழுதி, மேலாளரும் மோட்டார் போடுபவரும் பார்க்கும்படி மோட்டார் அறைக் கதவில் ஒட்டுங்கள்.