நாயின் நெஞ்சில் கடிபட்டால்

போயர்போல் மாதிரி பெரிய நாய் ஜாக் ரஸ்ஸல் மாதிரி ஒரு சின்ன நாயைக் கவ்வி உதறினால் வெளியே தெரிவது இரண்டு மூன்று பல் துளைகள்தான். உள்ளே தசை கிழிந்து, விலா எலும்பு முறிந்து, நுரையீரலும் ஓட்டையாகியிருக்கலாம். தோல் இழுத்த பக்கம் போகும், சதை போகாது. அதனால்தான் மேலே சிறிதாகவும் அடியில் பெரிதாகவும் காயம் விழுகிறது. துளையைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள்.

முதலில் மூச்சை எண்ணுங்கள். ஓய்வாக இருக்கும் நாய்க்கு நிமிடத்துக்கு 15 முதல் 30 வரை. சும்மா கிடக்கும்போதே 40-ஐத் தாண்டினாலோ, ஈறு வெளுத்தோ நீலித்தோ இருந்தாலோ, மூச்சை இழுக்கையில் விலாவின் ஒரு பகுதி உள்ளே அமுங்கினாலோ, தோலை அழுத்தினால் நறநறத்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. இவை எதுவும் இல்லாவிட்டாலும் அன்றே கால்நடை மருத்துவரிடம் போங்கள். ஓரிரு நாள் கழித்து மூச்சுத் திணறும் நாய்களும் உண்டு.

துளையில் காற்று 'உஸ்' என்று போய்வந்தால், சுத்தமான கிளிங் ராப் (உணவை மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாள்) துண்டின் ஓரத்தில் வாஸ்லின் தடவி, நாய் மூச்சை வெளியே விட்டதும் மூடுங்கள். மூடியபின் திணறல் கூடினால் உடனே ஒரு ஓரத்தைத் தூக்கிவிடுங்கள். நுரையீரலிலிருந்து கசியும் காற்று வெளியேற வழியின்றி நெஞ்சுக்குள் அடைபடுகிறது. மார்பை இறுக்கிக் கட்டாதீர்கள், வாயையும் கட்டாதீர்கள். நாய் எப்படி இருக்க விரும்புகிறதோ அப்படியே விட்டு, பலகையிலோ கெட்டியான போர்வையிலோ தூக்குங்கள். குத்தி நிற்பதைப் பிடுங்கக் கூடாது. மஞ்சள், டெட்டால், பெராக்சைடு எதுவும் வேண்டாம். பனாடோவும் (பாராசிட்டமால்) ஐப்யூபுரோஃபெனும் நாய்க்கு விஷமாகலாம்.

கால்நடை மருத்துவரிடம் ஆக்சிஜனும் வலிநிவாரணியும் கொடுத்து, தேவையானால் 7 முதல் 9 வரையுள்ள விலா இடுக்கு ஒன்றில் ஊசி செலுத்திக் காற்றை இறக்குவார்கள். நிலை தேறியபின் எக்ஸ்ரே. "உள்ளே திறந்து பார்ப்பீர்களா?" என்று கேட்கத் தயங்காதீர்கள். துளையை மட்டும் தைத்து மூடினால், செத்த சதையும் வாயில் இருந்த கிருமியும் உள்ளேயே தங்கிச் சீழ் பிடிக்கும். அதை வெட்டிக் கழுவி, நீர் வடிய குழாய் வைப்பதே சரியான முறை.

வீட்டில் இரண்டு வாரமாவது குதிக்க விடாதீர்கள். மார்பில் மாட்டும் வார் வேண்டாம். ஆன்டிபயாடிக்கைப் பாதியில் நிறுத்தாதீர்கள்.

தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் நாய்களிடையே வெறிநோய் (ரேபிஸ்) இன்னும் இருக்கிறது. சண்டையை விலக்கியவர் கடிபட்டிருந்தால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே கிளினிக்குக்குப் போகட்டும். கடித்த நாயின் தடுப்பூசி அட்டையைக் கேட்டு வாங்குங்கள். அது தெருநாயாகவோ நடத்தை மாறியதாகவோ இருந்தால் அரசு கால்நடை மருத்துவருக்குத் தகவல் சொல்லுங்கள்.