வேகமாக மரதன் ஓடத் திட்டம் தேடுகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் மரதனை எப்படியோ ஓடி முடித்தவர்களுக்கு அடுத்து வருவது வேக ஆசை. நல்ல ஆசைதான். "4 மணி நேரத்துக்குள் ஓட 16 கிழமைத் திட்டம்" என்று ஒன்று கண்ணில் பட்டதும் அதை இறக்கி அச்செடுத்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுகிறார்கள். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. தலைப்பை விடுங்கள், முதல் கிழமையைப் பாருங்கள். கடந்த ஒரு மாதமாக நீங்கள் கிழமைக்கு 30 கிலோமீற்றர் ஓடிவர, திட்டம் 60இல் தொடங்கினால் அது உங்களுக்கானது இல்லை. மூச்சு சீக்கிரம் பழகிவிடும். எலும்பும் தசைநாணும் அவ்வளவு சீக்கிரம் பழகாது. நாலாம் ஐந்தாம் கிழமையில் முன்னங்கால் எலும்பில் வலி வந்து உட்கார்ந்துகொள்ளும். அமெரிக்கத் திட்டம் என்றால் எண்கள் மைலில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். அங்கே 40 என்று இருப்பது நமக்கு 64 கிலோமீற்றர்.

இலக்கு நேரத்தையும் மனக்கணக்கில் முடிவு செய்யக் கூடாது. 4 மணி என்றால் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் 5 நிமிடம் 41 செக்கன். அரை மரதனை 2 மணியில் ஓடினேன், அப்படியானால் முழுசுக்கு 4 மணி என்பது சரிவராது. இரட்டிப்பாக்கி, மேலே 10 முதல் 20 நிமிடம் வரை சேர்த்தால்தான் நடைமுறைக்குக் கிட்ட வரும்.

கொழும்பில் ஓடுகிறவர்கள் அதிகம் அடிபடுவது வெக்கையில். இணையத்தில் கிடைக்கும் திட்டங்களில் பெரும்பாலானவை குளிர்காலம் உள்ள ஊர்களுக்காக எழுதப்பட்டவை. நமக்கோ ஆண்டு முழுக்கச் சராசரி 27, 28 பாகை. விடிய நாலரைக்கு மரைன் டிரைவில் இறங்கினாலும் வியர்வை காயாமல் சொட்டும். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். அது நடக்காதபோது தோலைக் குளிர்விக்கவும் இரத்தம் வேண்டும், காலுக்கும் வேண்டும். இதயம் இரண்டு பக்கமும் ஓடி உழைக்கிறது. 2019இல் டோஹாவில் நடந்த உலக மெய்வல்லுநர் போட்டியில் பெண்கள் மரதனை வெக்கைக்காக நள்ளிரவில் தொடங்கினார்கள். அப்போதும் வெப்பநிலை 30 பாகைக்கு மேல். புறப்பட்ட 68 பேரில் 40 பேர்தான் முடித்தார்கள். வென்றவர் எடுத்த நேரம் 2:32:43. அதே வீராங்கனை அந்த ஆண்டு ஜனவரியில் துபாயில் 2:17:08இல் ஓடியவர். உலகத்தின் முன்னணி ஓட்டக்காரிக்கே இவ்வளவு வித்தியாசம் என்றால், அட்டவணையில் உள்ள வேகத்தை இங்கே அப்படியே பிடிக்கவில்லை என்று நாம் மனம் உடைய என்ன இருக்கிறது? வேகத்தை மட்டும் சொல்லும் திட்டத்தைவிட, எவ்வளவு சிரமப்பட்டு ஓட வேண்டும் என்றும் சொல்லும் திட்டமே இந்த ஊருக்குப் பொருந்தும். முழு வசனமாகக் கதைத்துக்கொண்டே ஓட முடிந்தால் அது இலகு ஓட்டம். மணிக்கூடு என்ன காட்டினாலும் சரி.

இலகு ஓட்டம் என்றதும் இன்னொன்று. சுதந்திர சதுக்கத்தில் ஒரு காலையில் நின்று பாருங்கள். மெதுவாக ஓட வந்தவர், பக்கத்தால் ஒருவர் முந்திப் போனதும் வேகத்தைக் கூட்டுவார். இரண்டு சுற்றில் அந்த இலகு ஓட்டம் போட்டியாகிவிடும். அடுத்த நாள் திட்டத்தில் உள்ள உண்மையான வேகப் பயிற்சிக்குக் காலில் ஒன்றும் மிஞ்சாது. கிழமை ஓட்டத்தில் ஏறத்தாழ ஐந்தில் நாலு பங்கு இலகுவாக இருக்க வேண்டும் என்பது தேர்ந்த ஓட்டக்காரர்களின் பயிற்சிப் பதிவுகளிலும் திரும்பத் திரும்பக் காணப்படுவது. கிழமைக்கு நாலு நாள் உங்களை வதைக்கும் திட்டத்தைத் தொடவே வேண்டாம்.

நீண்ட ஓட்டத்தைத் தூரத்தில் மட்டும் பார்ப்பதும் பிழை. 32 கிலோமீற்றரை வேகமானவர் இரண்டரை மணியில் முடிப்பார், மெதுவானவர் நாலு மணி நேரம் வெக்கையில் நிற்பார். மூன்று, மூன்றே கால் மணிக்கு மேல் போக வேண்டாம் என்பது என் கருத்து.

அப்புறம் கலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு திட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். கிழமைக்கு ஆறு நாள் ஓட்டம் என்பது, விடிய ஓடிவிட்டு எட்டரைக்கு ஆபீசில் இருக்க வேண்டியவருக்கு நீடிக்காது. நாலு நாள் ஒழுங்காக ஓடுவது எவ்வளவோ மேல். நீண்ட ஓட்டத்துக்குப் போயா விடுமுறை அருமையான நாள், தெருவில் வாகனமும் குறைவு. கந்தசஷ்டி விரதம் பிடிப்பவர்கள் அந்த ஆறு நாளும் திட்டத்தின் கடினமான கிழமையில் வந்து விழாதபடி தொடக்கத் தேதியை நகர்த்திக்கொள்ளலாம். காய்ச்சல் வந்தால், அதுவும் டெங்கு என்றால், தவறவிட்ட கிலோமீற்றரைத் துரத்திப் பிடிக்கவே கூடாது. வைத்தியர் சரி என்ற பிறகு, திட்டத்தில் சில கிழமை பின்னுக்குப் போய்த் தொடங்குங்கள். தேவைப்பட்டால் அந்தப் போட்டியை விட்டு அடுத்ததற்குப் பதியுங்கள்.

கடைசியாகத் திட்டத்தின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். போட்டிக்கு முந்திய இரண்டு மூன்று கிழமைகளில் தூரம் படிப்படியாகக் குறைய வேண்டும், ஆனால் குறுகிய வேக ஓட்டம் கொஞ்சம் தொடர வேண்டும். போட்டிக்கு ஒரு கிழமைக்கு முன் 30 கிலோமீற்றர் ஓடச் சொல்லும் திட்டங்களும் உலாவுகின்றன. அப்படி ஒன்று கண்ணில் பட்டால் மற்றப் பக்கங்கள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதை எடுக்காதீர்கள்.