பாக்டீரியாவின் ஒளிச்சேர்க்கையை எக்செல்லில் ஓட்டிப் பார்ப்போம்

ரோடோபாக்டர் ஸ்பேராய்ட்ஸ் என்ற ஊதா பாக்டீரியாவின் வினை மையம் (ஒளியின் ஆற்றலால் எலெக்ட்ரானை நகர்த்தும் புரதம்), தான் பிடிக்கும் ஒளித்துகள்களில் கிட்டத்தட்ட ஒன்றைக்கூட வீணாக்குவதில்லை. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கிளாஸ் ஷுல்டன் தொடங்கிவைத்த குழு, இதன் ஒளிச்சேர்க்கைப் பையை 13.6 கோடி அணுக்களோடு சூப்பர் கம்ப்யூட்டரில் ஓட்டி 2019இல் வெளியிட்டது. அந்தச் சிக்கனத்தின் ரகசியத்தைப் பார்க்க நமக்கு எக்செல் போதும்.

ஒளி பட்டதும் வினை மையத்தில் ஜோடியாக நிற்கும் இரண்டு பாக்டீரியோகுளோரோஃபில்கள் (ஒளியை உறிஞ்சும் நிறமிகள்) கிளர்ச்சியடைகின்றன. இது நிலை 1. அங்கிருந்து சராசரியாக 3 பிகோசெகண்டில் ஒரு எலெக்ட்ரான் பாக்டீரியோஃபியோஃபைட்டின் என்ற இன்னொரு நிறமிக்குத் தாவுகிறது (நிலை 2). அப்புறம் சுமார் 200 பிகோசெகண்டில் எலெக்ட்ரானை ஏற்கும் முதல் குயினோன் மூலக்கூறுக்கு (நிலை 3). ஒரு விநாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்குதான் பிகோசெகண்ட்.

படி 1: தாளின் மேலே மூன்று செல்களில் 3, 200, 0.5 என்று எழுதுங்கள். கடைசி எண் நேர அடி, அதாவது ஒவ்வொரு வரிசைக்கும் நேரம் எத்தனை பிகோசெகண்ட் கூடுகிறது என்பது. சூத்திரத்தில் இந்தச் செல்களை டாலர் குறி போட்டுப் பூட்ட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் கீழே இழுக்கும்போது அவையும் நகர்ந்துவிடும்.

படி 2: நேரம், நிலை 1, நிலை 2, நிலை 3 என நான்கு நெடுவரிசைகள். நிலைகளின் கீழ் வரும் எண்கள், மொத்த எலெக்ட்ரான்களில் எவ்வளவு பங்கு அந்த நிலையில் இருக்கிறது என்பதைச் சொல்லும். முதல் வரிசையில் 0, 1, 0, 0.

படி 3: இதுதான் உயிர்நாடி. மேல் வரிசையின் நிலை 1ஐ 0.5ஆல் பெருக்கி 3ஆல் வகுத்தால் முதல் தாவல். நிலை 2ஐ 0.5ஆல் பெருக்கி 200ஆல் வகுத்தால் இரண்டாம் தாவல். போனதைக் கழியுங்கள், வந்ததைக் கூட்டுங்கள். இரண்டாம் வரிசையில் 0.833, 0.167, 0 வரும், மூன்றாவதில் 0.694, 0.305, 0.0004. ஒவ்வொரு வரிசையின் கூட்டுத்தொகையும் 1 ஆக இருந்தால் சரி. 2000 வரிசை இழுத்து வரைபடம் போடுங்கள். நிலை 2 சுமார் 12 பிகோசெகண்டில் 94 சதவீதம் வரை எழும்பி மெல்ல வடியும். 1000 பிகோசெகண்டில் 99 சதவீதம் குயினோனில் இருக்கும்.

நேர அடியை 5 ஆக்கிப் பாருங்கள். நிலை 1 உடனே -0.667 ஆகிவிடும். இருப்பதைவிட அதிகமாக எடுத்துவிட்டோம். மிக வேகமான தாவலைவிட அடி நன்றாகச் சிறியதாக இருக்க வேண்டும்.

படி 4: அடியை மீண்டும் 0.5 ஆக்கிவிட்டு ஒரு கசிவைச் சேர்ப்போம். நிலை 2இலிருந்து எலெக்ட்ரான் வந்த வழியே திரும்பவும் முடியும். அதற்குச் சுமார் 10,000 பிகோசெகண்ட் ஆகும். அதை 'வீண்' என்ற ஐந்தாம் நெடுவரிசையில் சேர்த்து, நிலை 2இல் கழியுங்கள். வீண் 2 சதவீதத்தைத் தாண்டாது. இப்போது 200ஐ 10,000 ஆக மாற்றுங்கள்: நிலை 3உம் வீணும் சரிசமமாக ஏறும். திரும்பும் வழியைவிட முன்வழி 50 மடங்கு வேகம் என்பதால்தான் அந்தப் பாக்டீரியா பிழைக்கிறது. எனக்கு இந்த ஒரு வரைபடம் பாடப்புத்தகத்தின் பல பக்கங்களைவிடத் தெளிவாகத் தெரிகிறது.

படி 5: இரண்டாம் குயினோனுக்குப் போக 100 மைக்ரோசெகண்ட் அளவில் ஆகும். 0.5 பிகோசெகண்ட் அடியில் அதற்கு 20 கோடி வரிசை வேண்டும். எக்செல்லில் இருப்பதோ 10,48,576. அதனால் புதிய தாளில் நிலை 3ஐ 1 என வைத்து, 5 மைக்ரோசெகண்ட் அடியில் தொடங்குங்கள். இங்கே முதல் குயினோனிலிருந்து எலெக்ட்ரான் திரும்ப ஆகும் நேரம் சுமார் 0.1 விநாடி, அதாவது 1,00,000 மைக்ரோசெகண்ட். படி 4இன் சூத்திரத்தையே எடுத்துக்கொண்டு எண்களை மட்டும் மாற்றினால் போதும்.